மலைவீதியும் சிறிய காரும்

அட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கொல்லை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் நேரான பகுதி என்று சொல்லத்தக்கது சிறிதே. வீதி மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு; மறு பக்கம் பள்ளம். விடியற்காலையில் மூடுபனி, தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் நாட்கணக்கில் ஓயாத மழை. இவ்வீதியின் வளைவொன்றில் சிறிய கார் ஒன்று திரும்பும்போது அதன் உடல் வெளிப்புறமாகச் சாய்வதை எதிரே வருபவர் தெளிவாகக் காணலாம். உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அது கண்ணால் காணும் காட்சியன்று. வயிற்றில் உணரும் கலக்கம்.

இந்தக் கலக்கத்தோடு கராஜுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள். "வில்லைக் கொஞ்சம் இறுக்கித் தாருங்கள், வண்டியையும் சற்றுத் தாழ்த்தி விடுங்கள்" என்பதே அது. கேட்பது இயல்பான காரியந்தான். ஓட்டப் பந்தயக் கார்கள் தாழ்வாகவும் இறுக்கமாகவும் இருப்பதைப் பார்த்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆயினும் மலைநாட்டு வீதியில் அது பெரும்பாலும் தவறான மருந்து. நோய் வேறிடத்தில் இருக்கையில் அறிகுறியை மட்டும் மறைக்கும் மருந்து என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் வீதியைப் பற்றிச் சில சொற்கள். மலைநாட்டின் பழைய வீதிகள் மோட்டார் வண்டிக்காக வகுக்கப்பட்டவையல்ல. 19ஆம் நூற்றாண்டில் காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கிய மாட்டு வண்டிகளை எண்ணியே அவற்றுட் பல வகுக்கப்பட்டன. காளை தளராமல் ஏறவேண்டுமாயின் ஏற்றம் மெல்லியதாக இருக்க வேண்டும். ஏற்றம் மெல்லியதாக இருக்க வேண்டுமாயின் வீதி மலையை வளைத்து வளைத்துச் செல்ல வேண்டும். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. தேயிலை வந்தது. மாட்டு வண்டி போய் லொறி வந்தது. வளைவுகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. பெருவீதியை விட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தால் நிலைமை இன்னும் கடினம். கல் பதித்த பாதை, அதன் குறுக்கே மழைநீர் ஓடுவதற்கு வெட்டிய கான், கொழுந்து லொறியின் சில்லுகள் பதித்த இரு பள்ளங்கள், அவற்றின் நடுவே உயர்ந்து நிற்கும் மேடு.

இத்தகைய பாதையில் காரின் வில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய, கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தாங்கி மலைச்சரிவில் இறங்கும் தொழிலாளப் பெண்ணைப் பார்த்தாலே போதும். கால் ஒரு கல்லில் ஏறுகிறது, அடுத்த கணம் ஒரு குழியில் இறங்குகிறது. முழங்கால் மடிந்தும் நிமிர்ந்தும் அந்த வேறுபாட்டை வாங்கிக்கொள்கிறது. கூடை ஆடாமல் வருகிறது. முழங்காலை மடிக்காமல் விறைத்துக்கொண்டு இறங்கினால் கூடையும் குலுங்கும், காலும் வழுக்கும். காரின் வில்லுக்கு இரண்டு கடமைகள் உண்டு. பிரயாணிகளின் உடலைக் காப்பது ஒன்று. சில்லு நிலத்தை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வது மற்றது. இரண்டாவதே உயிர் காக்கும் கடமை. நிலத்தைத் தொடாத சில்லு திருப்பினால் திரும்பாது. பிரேக் பிடித்தால் நிறுத்தவும் மாட்டாது.

வில் எவ்வளவு இளகியது என்பதைக் கணக்கிட எளிய வழியொன்று உண்டு. காரின் பாரத்தால் வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதைப் பொறுத்தே அதன் இயல்பான ஆட்டம் அமையும். 10 சென்ரிமீற்றர் அமுங்கும் வில் நிமிடத்துக்குச் சுமார் 95 தடவை ஆடும். 5 சென்ரிமீற்றர் மட்டுமே அமுங்கும் இறுக்கமான வில் சுமார் 134 தடவை ஆடும். முன்னது மனிதன் இயல்பாக நடக்கும் அடிகளின் வேகத்தை அண்மியது. அதனால் உடலுக்கு ஒத்துப்போகிறது. பின்னது உடலை உலுக்குவதோடு, கல் பதித்த பாதையில் சில்லையும் துள்ள வைக்கிறது.

இனி வளைவுக்கு வருவோம். கொண்டைஊசி வளைவொன்றின் ஆரம் 10 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும் காரை வெளிப்புறமாகத் தள்ளும் விசை அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வேகம் 30 ஆனால் விசை எடையின் பத்தில் ஏழு பங்காகிறது. வேகம் ஒன்றரை மடங்கானதற்கே விசை இரண்டேகால் மடங்காகிவிட்டது. இந்த விசை உள்பக்கச் சில்லுகளின் பாரத்தைக் குறைத்து வெளிப்பக்கச் சில்லுகளில் ஏற்றுகிறது. நால்வரை ஏற்றிய சிறிய கார் 1,000 கிலோ எடையும், நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், ஒன்றேகால் மீற்றருக்குச் சற்று மேலான சில்லிடை அகலமும் உடையது என்று கொண்டால், முதலாவது வேகத்தில் சுமார் 120 கிலோ உள்ளிருந்து வெளியே மாறுகிறது. இரண்டாவது வேகத்தில் 275 கிலோ மாறுகிறது. அப்போது உள்பக்கச் சில்லுகள் இரண்டும் சேர்ந்து தாங்கும் பாரம், வீதியில் நேராகப் போகையில் தாங்கியதில் பாதியும் இல்லை. மழையில் நனைந்த வீதியில் தேய்ந்த டயர் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறவிடும் உண்மை ஒன்று இருக்கிறது. இடம் மாறும் பாரத்தின் அளவு வில்லின் இறுக்கத்தைப் பொறுத்ததன்று. ஈர்ப்பு மையத்தின் உயரம், சில்லுகளுக்கு இடையிலான அகலம் ஆகிய இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. இறுக்கமான வில்லைப் பூட்டினால் உடல் குறைவாகச் சாயும். ஆனால் அதே 120 கிலோ, அதே வெளிப்பக்கச் சில்லுகளின் மேல் ஏறியே தீரும். சாரதிக்கு அச்சம் குறைகிறது, ஆபத்து குறைவதில்லை. அச்சம் குறைந்த சாரதி வேகத்தைக் கூட்டுவதும் உண்டு.

இதை நன்கு உணர்ந்த ஒருவர் வடிவமைத்த கார்தான் இலங்கை மலைவீதிகளில் நெடுங்காலம் ஓடி, இன்றும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் அதன் கர்த்தா. 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், மாதிரி வண்டியின் அகலம் போதாது என்று இசிகோனிஸ் கருதினார். வண்டியை நடுவே நெடுக்காக வெட்டி, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலகியபோது நிறுத்தச் சொன்னார். அதற்குள் பம்பர்கள் செய்யப்பட்டுவிட்டமையால் முதலில் வந்த கார்களின் பம்பரையும் நடுவே வெட்டி ஒரு தகடு வைத்து இணைக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் மூடியின் நடுவே உயர்ந்து ஓடும் பட்டை அந்தக் கடைசி நேர மாற்றத்தின் அடையாளம். அழகுக்காகச் செய்த மாற்றம் என்றே பலர் கருதினர். ஆனால் அந்த 4 அங்குலம் வளைவில் இடம்மாறும் பாரத்தை ஏறக்குறைய 8 வீதம் குறைத்தது என்பது மேற்சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும்.

மைனரின் முன்சில்லுகளைத் தாங்குவது சுருள்வில்லும் அன்று, பட்டை வில்லும் அன்று. காரின் அடியில் முன்பின்னாகக் கிடக்கும் உருக்குத் தண்டு ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. சில்லு மேலே எழும்போது கீழ்க்கை அத்தண்டை முறுக்குகிறது. முறுக்கப்பட்ட தண்டு மீண்டும் நிமிர முயல்கிறது. இதனை முறுக்குத் தண்டு எனலாம். மேற்கையாக அமைந்திருப்பது எண்ணெய் நிரப்பிய நெம்புகோல் வகை அதிர்வடக்கி. கராஜ்களில் சொக் அப்சோபர் என்று சொல்வது இதையே. பின்னால் இரு பட்டை வில்களும் அவற்றின் மேல் கிடக்கும் ஒரே அச்சும். ஸ்டியரிங் பற்சட்ட முறையில் அமைந்தது. திருப்பியதற்கு உடனே பதில் சொல்வது. 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு தொடங்கிய கார், 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1,098 என எஞ்சின் மாறி, 1971இல் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தது. எஞ்சின் மாறினும் சில்லுகளைத் தாங்கிய அமைப்பு அடிப்படையில் மாறவில்லை.

தோட்டப்புறங்களில் இத்தகைய சிறிய கார் வெறும் ஊர்தியாக மட்டும் இருந்ததில்லை. துரைமார் பெரிய வண்டிகளில் போனார்கள். சிறிய கார் கிளாக்கருக்கும், டீமேக்கருக்கும், ஆசிரியருக்கும், நகரத்து வாடகைக் கார்க்காரருக்கும் உரியதாயிற்று. லயத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால் தோட்ட லொறியில் ஏற்றிச் செல்வது மலையகம் நெடுங்காலமாக அறிந்த துயரக் காட்சி. லொறி இல்லாத இரவில் யாரிடம் கார் இருக்கிறதோ அவருடைய கதவே தட்டப்படும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து டிக்கோயாவின் கிளங்கன் வைத்தியசாலைவரை அந்தக் கார் இறங்கியாக வேண்டும். இருட்டில், மழையில், ஐவரோ அறுவரோ நெருக்கி அமர்ந்த நிலையில். காரின் முன்கையில் என்ன தேய்ந்திருக்கிறது என்பது அந்த இரவில் அறியும் விஷயமாக இருக்கக்கூடாது.

மைனரில் தேயும் உறுப்புகளுள் முதன்மையானது முன்சில்லைத் தாங்கும் நிலைத்தண்டின் திருகுமரை. மேலும் கீழும் உள்ள இரு மரைமூட்டுகளில்தான் சில்லு இடமும் வலமும் திரும்புகிறது. கராஜ்களில் இவற்றை டிரனியன் என்பர். கிரீஸ் இல்லாமல் இவை தேய்ந்தால் மரையின் பற்கள் மெலிந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சில்லு காரின் அடியில் மடிந்துவிடும். மைனர் வைத்திருந்தோர் உலகெங்கும் அஞ்சிய குறை இது. நல்ல வேளையாக, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெல்லத் திருப்பும்போதே இது பெரும்பாலும் நிகழ்வது. ஆனால் மலைநாட்டில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும் இடம் எது? வீட்டு முற்றம் மட்டுமன்று. பள்ளத்தின் விளிம்பில் உள்ள கொண்டைஊசி வளைவும் அதுவே. சமவெளியில் நேராக ஓடும் காரைவிட மலைக்கார் தன் மரைகளைப் பன்மடங்கு திருப்புகிறது. ஆகையால் கிரீஸ் இடும் காலமும் குறைய வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லின் பாரத்தை நீக்கிய பிறகே கிரீஸ் இடவேண்டும். பாரத்தோடு இட்டால் கிரீஸ் மரைக்குள் புகாமல் எளிதான வழியாக வெளியே வழிந்துவிடும். இந்தச் சிறு முறையைத் தவறவிட்ட கராஜ்கள் ஏராளம்.

அடுத்தது அதிர்வடக்கி. வில் அமுங்கி எழுவதற்கு மட்டும் தெரிந்தது. எப்போது நிற்பது என்று அதற்குத் தெரியாது. அந்த ஆட்டத்தை ஒரே முறையில் அடக்குவது அதிர்வடக்கியின் பணி. உள்ளே எண்ணெய் சிறு துளையொன்றின் வழியாகத் தள்ளப்படுவதால் ஆட்டத்தின் வலு வெப்பமாக மாறுகிறது. மைனரில் இருக்கும் நெம்புகோல் வகைக்கு எண்ணெய்க் கொள்ளளவு சிறிது. கல் பாதையில் தொடர்ந்து இறங்கினால் எண்ணெய் சூடாகி இளகும். இளகிய எண்ணெய் துளையில் தடையின்றி ஓடும். வளைவில் சாய்ந்த கார் அடுத்த வளைவு வந்த பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். சாரதி அதை வில்லின் தளர்ச்சி என்று எண்ணிக் கராஜுக்குப் போகிறார். வில்லில் குறையே இல்லை.

இதற்குச் சிலர் தடித்த எண்ணெய் ஊற்றுவது வழக்கம். சமவெளியில் அது ஓரளவு பயன் தரும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உள்ளது. தை, மாசி மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படியும் காலை நேரங்கள் உண்டு. அந்தக் குளிரில் தடித்த எண்ணெய் இன்னும் தடிக்கிறது. வீட்டிலிருந்து புறப்பட்ட முதற்சில மைல்களில் காருக்கு வில்லே இல்லாதது போல இருக்கும். சிறந்த மாற்றம், நெம்புகோல் வகைக்குத் துணையாகவோ அதற்குப் பதிலாகவோ குழாய் வகை அதிர்வடக்கிகளைப் பூட்டுவது. பின்பக்கத்தில் இதற்குத் தேவைப்படுவது உறுதியான தாங்கிகள் மட்டுமே. முன்பக்கத்தில் வேலை சற்று நுட்பமானது. ஏனெனில் நெம்புகோல் அதிர்வடக்கியே மேற்கையாகவும் இருப்பதால் அதைக் கழற்றினால் கையையும் சேர்த்துப் புதிதாக அமைக்க வேண்டும். பூட்டும் தாங்கி உடல் தகட்டின் மெல்லிய பகுதியிலோ துருப்பிடித்த பகுதியிலோ பற்றவைக்கப்பட்டால், அதிர்வடக்கி அடக்க வேண்டிய அடியைத் தகடு வாங்கிக்கொண்டு கிழியும்.

மூன்றாவது டயர். மைனர் வெளிவந்த காலத்தில் அதற்கு இழைகள் குறுக்கே பின்னிய பழைய வகை டயர்களே இருந்தன. ஆர இழை டயர் பூட்டிய மைனரை ஓட்டியவர், அதுவரை செய்த எல்லாச் செலவும் வீண் என்று எண்ணினால் வியப்பில்லை. வளைவில் ஆர இழை டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்க, நிலத்தில் படும் பாகம் தட்டையாகவே இருக்கிறது. ஈரத்தில் பிடிப்பு மிகுதி. ஆனால் இரு வகைகளையும் கலக்கும்போது ஒரு விதியை மீறவே கூடாது. கையில் இரண்டு புதிய டயர்களுக்கு மட்டும் பணம் உண்டு என்றால் பலர் அவற்றை முன்னால் பூட்டுகிறார்கள். அது ஆபத்து. முன்சில்லு பிடித்துக்கொள்ளப் பின்சில்லு வழுக்கி, இறக்கத்தின் வளைவில் காரின் பின்புறம் முன்னே வந்துவிடும். கலந்தே ஆகவேண்டுமானால் ஆர இழை டயர் பின்னாலேயே இருக்க வேண்டும்.

தேய்ந்தவை மாற்றப்பட்டு, ஆட்டம் அடக்கப்பட்டு, டயரும் நல்லதாகிய பின்னரே வலுவூட்டும் உறுப்புகளைப் பற்றிப் பேசுவது முறை. முன்பக்கத்தில் பூட்டும் சாய்வு தடுக்கும் தண்டு அவற்றுள் பயன் மிக்கது. இரு முன்சில்லுகளையும் இணைக்கும் வளைந்த உருக்குத் தண்டு அது. இரண்டும் ஒன்றாக எழும்போது அது தலையிடுவதில்லை. ஒன்று எழுந்து மற்றது தாழும்போது மட்டும் முறுகி எதிர்க்கிறது. மொத்தமாக மாறும் பாரம் அதனாலும் குறைவதில்லை என்பது முன்னரே சொல்லப்பட்டது. ஆனால் அந்தப் பாரமாற்றத்தில் பெரும்பங்கை முன்சில்லுகள் ஏற்கின்றன. பின்சில்லுகள் இரண்டும் ஏறக்குறையச் சமமாக நிலத்தை அழுத்துகின்றன. மைனர் பின்சில்லால் உந்தப்படும் கார். கொண்டைஊசி வளைவில் மேலேறும்போது உள்பக்கப் பின்சில்லு இலேசாகி வீணே சுழல்வது மலைச் சாரதி அறிந்த தொல்லை. முன்தண்டு அதைத் தணிக்கிறது. அதே தண்டைப் பின்னால் பூட்டினால் தொல்லை இரட்டிக்கும்.

ஏற்றத்தில் கிளச்சை விடும்போது பின்புறம் தடதடவென்று அடிப்பது இன்னொரு குறை. எஞ்சினின் முறுக்கு பட்டை வில்லை எஸ் வடிவாக வளைக்க, வில் திமிறி நிமிர, அச்சு துள்ளுகிறது. பெரிய எஞ்சின் பூட்டிய மைனர்களில் இது மிகுதி. அச்சையும் காரின் உடலையும் முன்பின்னாக இணைக்கும் இரு சட்டங்கள் இதை நிறுத்தும். வில் மேலும் கீழும் போவதை அவை தடுப்பதில்லை. முறுகுவதை மட்டுமே தடுக்கின்றன.

வில்லை இறுக்குவது பற்றி இப்போது சொல்லலாம். முறுக்குத் தண்டின் முனையில் உள்ள பற்களில் கையை இடம்மாற்றிப் பூட்டிவிட்டு "இறுக்கிவிட்டோம்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அதனால் மாறுவது காரின் உயரம் மட்டுமே; இறுக்கம் எள்ளளவும் மாறாது. இறுக்கத்தைத் தீர்மானிப்பது தண்டின் தடிப்பும் நீளமும். தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலே இறுக்கம் 46 வீதம் கூடிவிடும். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது வளர்கிறது. ஆகவே "கொஞ்சம் தடித்த" தண்டு என்பது கொஞ்சமான மாற்றமன்று. பழகித் தாழ்ந்த தண்டை உரிய உயரத்துக்குக் கொண்டுவருவதும், உடைந்த பட்டையை மாற்றுவதும் போதும். அதற்கு மேல் தோட்டப் பாதை ஓடும் காருக்குத் தேவை அரிது.

தாழ்த்துவதன் விளைவு இன்னும் வெளிப்படையானது. ஓர் அங்குலம் தாழ்த்தினால் வளைவில் மாறும் பாரம் சுமார் 5 வீதம் குறையும் என்பது உண்மையே. அதற்குக் கொடுக்கும் விலை, வில் அமுங்குவதற்கு இருந்த இடத்தில் ஓர் அங்குலம். ஐவரை ஏற்றிய கார் வளைவின் நடுவே ஒரு குழியில் விழுந்தால் அச்சு ரப்பர்த் தடுப்பில் முட்டும். முட்டிய கணத்தில் அந்த மூலையில் வில்லே இல்லை என்றாகிறது, சில்லு வழுக்குகிறது. தோட்டப் பாதையின் நடுமேட்டில் எண்ணெய்த் தொட்டி உரசுவது தனிக் கதை.

தாழ்ந்த, இறுகிய கார் எங்குதான் பயன்படும் என்று கேட்டால், அதற்கும் நுவரெலியாவிலேயே விடை உண்டு. 1934இல் தொடங்கிய மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி ஏப்ரல் மாத வசந்தகாலக் கொண்டாட்டங்களோடு சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்தின் ஊடே ஏறும் பாதையில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே கடிகாரத்தோடு போட்டியிடும். எதிரே வண்டி வராது, காரில் சாரதி ஒருவரே, ஓட்டம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும், இறங்கும்போது அவசரமில்லை. அங்கே இறுக்கமும் தாழ்வும் வெற்றி தரும். இசிகோனிஸ் 1959இல் வெளியிட்ட மினி கார், வில்லுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்பைக் கொண்டது. மூலைக்கொன்றாக நின்ற சில்லுகளோடு வளைவைப் பற்றிக்கொண்டு ஓடுவதில் பெயர் பெற்றது. இலங்கையின் பந்தயங்களிலும் இடம்பிடித்தது. ஆனால் அதன் சில்லு 10 அங்குலம். மைனரின் 14 அங்குலச் சில்லு ஏறி இறங்கும் கானில் மினியின் சில்லு விழுந்துவிடும். போட்டிப் பாதைக்குச் சிறந்த கார் பக்கத்துத் தோட்டப் பாதைக்கும் சிறந்தது என்று கொள்வது, பந்தயக் குதிரையை வண்டியில் பூட்டுவது போன்றது.

பெருவீதியிலும் பிழைக்கு இடம் இல்லை. நானுஓயாவின் றதல்லைக் குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20ஆம் நாள் பேருந்து ஒன்றும் வான் ஒன்றும் முச்சக்கர வண்டியும் மோதிய விபத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். பேருந்துகளின் நிலை வேறொரு பொருள். ஆயின் அத்தகைய சரிவில் எதிரே வருவது எதுவாயினும், சிறிய காரின் சாரதி ஒரு முழம் ஒதுங்க நினைத்தால் கார் அந்த ஒரு முழமே ஒதுங்க வேண்டும். பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். மைனரின் முன்பிரேக் உருளை முதலில் 7 அங்குலமாக இருந்து, 1,098 எஞ்சினோடு 8 அங்குலமாயிற்று. நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. நீண்ட இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினைக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துபவரின் பிரேக் மட்டுமே அடிவாரத்தில் வேலை செய்யும். மைனரின் அமைப்பைத் தழுவி வந்த மொறிஸ் மரீனாவின் வட்டத்தட்டுப் பிரேக்குகளை மாற்றிப் பூட்டுவோரும் உளர். நன்கு செய்யப்பட்டால் அது வில்லுக்குச் செய்யும் எந்தச் செலவையும்விடப் பயன் தரும்.

மைனருக்குப் பின் வந்த சிறிய கார்களின் கதையும் இதிலிருந்து அதிகம் விலகியதன்று. மாருதி 800, அல்ட்டோ முதலியவற்றில் முன்பக்க அதிர்வடக்கியும் சுருள்வில்லும் ஒரே தூணாக அமைந்துள்ளன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும்வரை, இருந்த காரையே ஓட்டியாக வேண்டிய நிலை நாட்டில் நிலவியது. பழைய கார்களின் விலை ஏறியது. அவற்றைச் சீர்செய்யும் உபாயங்களும் பெருகின. அவற்றுள் இரண்டு தீயவை. ஒன்று, சுருள்வில்லின் ஒரு சுற்றை வெட்டிக் காரைத் தாழ்த்துவது. வெட்டிய வில் இறுகுவது மட்டுமன்று. சில்லு குழியில் தொங்கும்போது தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். மற்றது, தளர்ந்த வில்லின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர்க் கட்டையைச் செருகிக் காரை உயர்த்துவது. கட்டை இருக்கும் சுற்று வேலை செய்வதில்லை. எஞ்சிய சுற்றுகள் அதன் பங்கையும் சுமந்து விரைவில் உடைகின்றன. இரண்டுமே மலிவாக இருப்பதால் பரவுகின்றன. மைனருக்கோ இக்கவலை குறைவு. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் வேர் என்பவர் மைனர் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முன்வந்ததும், அவை இங்கிருந்து இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டதும் அக்காருக்கு இந்நாட்டில் இருந்த கைத்திறனுக்குச் சான்று.

காரை கராஜுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உள. சமதரையில் காரை நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் இரு கைகளாலும் அழுத்தி விடவேண்டும். எழுந்து ஒருமுறை தாழ்ந்து நின்றால் அதிர்வடக்கி நலம்; இரண்டு மூன்று முறை ஆடினால் அதற்கே முதற் செலவு. சில்லின் நடுவிலிருந்து மேலேயுள்ள தகட்டின் விளிம்புவரை நான்கு மூலைகளிலும் நூல் பிடித்து அளக்கலாம். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கத்து வில் களைத்திருக்கிறது. டயரின் காற்றைக் காலையில், கார் ஓடுமுன் பார்க்க வேண்டும். மைனருக்குப் பழைய வகை டயரில் முன்னால் 22, சுமை ஏற்றினால் பின்னால் 24 இறாத்தல் என்பது செய்தவர்கள் விதித்த அளவு. இறுதியாக, முன்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டையில் நிறுத்தி, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமும் அசைக்க வேண்டும். இன்னொருவர் காருக்கு அடியில் விளக்கைப் பிடித்து மரைமூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே அசைவு தெரிந்தால், புதிய மூட்டு கிடைத்துப் பூட்டும்வரை கார் அந்த மரக்கட்டைகளின் மேலேயே நிற்கலாம். அட்டனுக்குப் பஸ் இருக்கிறது.